ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பார்வையற்றவர்களோடு சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்துவது எப்படி?

ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கோலப்போட்டி, எலுமிச்சை கரண்டி ஓட்டம், கயிறு இழுத்தல், கடைசியில் பானை உடைத்தல். அதே தெருவில் பார்வையில்லாத ஒருவர் இருக்கிறார். பள்ளியிலோ வங்கியிலோ வேலை பார்ப்பவர். அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, "இவருடைய தன்னம்பிக்கை நமக்கெல்லாம் பாடம்" என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போட்டிகளைத் தொடங்கிவிடுவார்கள். அதன்பிறகு விழா முடியும்வரை அவர் மற்றவர்களின் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அழைத்தவர்கள் நல்லவர்கள்தான், அவர்கள் காட்டிய மரியாதையும் உண்மையானதுதான். ஆனால் அவர் விழாவுக்கு வந்தாரே தவிர, விழாவில் கலந்துகொள்ளவில்லை.

வருவதற்கும் கலந்துகொள்வதற்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தைக் குறைப்பதைத்தான் 'அனைவரையும் உள்ளடக்கிய செயல்பாடு' என்கிறார்கள். பார்வை உள்ளவர், இல்லாதவர், குறைவாகத் தெரிபவர் எல்லோரும் ஒரே நிகழ்ச்சியில் அவரவர் பங்கோடு இருப்பது. பார்வையற்றோர் இல்லத்துக்குப் பிறந்தநாளன்று போய்ச் சாப்பாடு போடுவது நம் ஊரில் பரவலான வழக்கம். அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வருடம் முழுவதும் யார் யாரோ வந்து சோறு போட்டுவிட்டுப் போகிற ஒருவருக்கு, பக்கத்துத் தெருவில் சேர்ந்து கேரம் ஆட ஒரு ஆள் கிடையாது என்றால், அவருக்கு ஊர் என்ற ஒன்று இருப்பதாகச் சொல்ல முடியாது.

அந்தப் பொங்கல் போட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு இழுப்பதற்குக் கண் எதற்கு? கயிற்றைப் பிடித்துக் கொடுத்தால் போதும். எலுமிச்சை கரண்டி ஓட்டத்தில் எல்லைக்கோட்டில் நின்று ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் திசை கிடைத்துவிடும். பானை உடைத்தலில் எல்லோருடைய கண்ணையும் நாமே கட்டிவிடுகிறோம்; "வலது பக்கம், வலது பக்கம், இன்னும் ரெண்டு அடி முன்னாடி" என்று கூட்டம் கத்துகிறது. பார்வையற்றவர் எல்லோரோடும் சமமாக நிற்கக்கூடிய ஆட்டம் அது. அதற்குக்கூட அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் வருத்தம்.

பார்வையில்லாத ஒருவரை ஒரு செயலிலிருந்து விலக்கி வைப்பது பெரும்பாலும் உடல் வலிமைக் குறைவோ திறமைக் குறைவோ இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்ற தகவல் கண் வழியாக மட்டுமே கிடைக்கும்படி நாம் ஏற்பாடு செய்து வைத்திருப்பதுதான். அதே தகவல் காது வழியாகவும் கை வழியாகவும், முன்கூட்டியே சொல்லப்பட்ட வார்த்தை வழியாகவும் கிடைத்தால், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இதற்கு உலகம் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும் சில நல்ல வழிகளைப் பார்க்கலாம்.

விளையாட்டு விதிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வழி

பார்வையற்றோர் கிரிக்கெட் 1922-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கியது. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த பார்வையற்ற இரண்டு தொழிலாளர்கள்தான் தொடங்கிவைத்தார்கள். இப்போது ஆடப்படும் பந்து கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது; உள்ளே சின்ன இரும்புக் குண்டுகள் இருப்பதால் உருளும்போது கலகலவென்று சத்தம் வரும். பந்தைக் கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும், ஆடுகளத்தின் பாதித் தூரத்துக்கு முன்பே அது தரையில் பட்டுவிட வேண்டும். பந்து தரையோடு உருண்டு வந்தால்தானே சத்தம் கேட்கும்! அதனால்தான் இந்த ஆட்டத்தில் ஏராளமான ரன்கள், மட்டையைத் தரையோடு சுழற்றி அடிக்கும் ஸ்வீப் ஷாட்டில் வருகின்றன. வீசுவதற்கு முன் பந்துவீச்சாளர் "ரெடி?" என்று கேட்க வேண்டும். மட்டையாளர் "யெஸ்" என்று சொன்ன பிறகு, பந்தை விடும்போது "ப்ளே" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் சரியான நேரத்தில் வராவிட்டால் நோ பால். ஸ்டம்புகள் உலோகக் குழாய்கள். பந்து பட்டால் மைதானம் முழுக்கக் கேட்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அணி அமைக்கும் முறை. வீரர்களை மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள். பி1 என்றால் முழுப் பார்வையின்மை, அல்லது வெளிச்சம் மட்டும் உணர முடிகிற நிலை. பி2, பி3 பிரிவினருக்கு ஓரளவு பார்வை இருக்கும், பி3-ல் அது இன்னும் கொஞ்சம் கூடுதல். பதினோரு பேரில் குறைந்தது 4 பேர் பி1 ஆக இருந்தே ஆக வேண்டும். பி3 வீரர்கள் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதோடு விட்டால் நன்றாகத் தெரிபவர்களே எல்லாவற்றையும் ஆடிவிட்டு, பி1 வீரர்களை எல்லைக்கோட்டில் நிறுத்திவிடுவார்கள் அல்லவா? அதற்கும் விதி உண்டு. மொத்த ஓவர்களில் 40 சதவீதமாவது பி1 வீரர்கள் வீச வேண்டும். பி1 வீரர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கிடப்படும். அவர் ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பந்தைப் பிடித்தாலும் கேட்ச்தான்.

இதில் சலுகை என்று எதையும் பார்க்க முடியவில்லை. பி1 வீரர் இல்லாமல் அணி ஜெயிக்கவே முடியாதபடி ஆட்டத்தை அமைத்திருக்கிறார்கள். நல்ல உள்ளடக்கல் என்று யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இந்த விதிப்புத்தகத்தைத்தான் காட்டுவேன். இந்த ஆட்டத்தின் முதல் உலகக் கோப்பை 1998-ல் புதுதில்லியில் நடந்தது. இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்திய ஆடவர் அணி 2012, 2017, 2022 என்று மூன்று முறை வென்றது. பெண்களுக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி 2025 நவம்பரில் கொழும்பில் நடந்தது. அதிலும் இந்தியாதான் வென்றது.

கோல்பால் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-ல் உருவானது. அணிக்கு மூன்று பேர், மணி வைத்த பந்து, 18 மீட்டர் நீளக் களம். எல்லைக்கோடுகளுக்கு அடியில் கயிறு ஓடும். காலால் தடவி எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். ஓரளவு தெரிபவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் வரக்கூடாது என்பதற்காக எல்லோரும் கண்மறைப்புக் கட்ட வேண்டும். பார்வையாளர்கள் ஆட்டம் நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது, கோல் விழுந்த பிறகு கத்திக்கொள்ளலாம்.

சதுரங்கத்துக்கு வருவோம். கிரிக்கெட்டைவிட இது எளிது, ஏனென்றால் பார்வை உள்ளவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து அப்படியே ஆடலாம். பார்வையற்ற ஆட்டக்காரர் தனக்கென்று ஒரு பலகை வைத்துக்கொள்வார். அதில் கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை. காய்களின் அடியில் உள்ள முளையை அதில் செருகிவிட்டால் தடவும்போது சாயாது. ஒரு நிறத்துக் காய்களின் தலையில் சின்ன ஊசிமுனை இருக்கும், அதை வைத்து நிறம் தெரியும். எதிராளி வழக்கமான பலகையில் ஆடுவார். நகர்த்தலை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒலியில் குழப்பம் வராமல் இருக்க ஏ, பி, சி என்பதற்குப் பதிலாக ஆன்னா, பெல்லா, சீசர் என்று பெயர் வைத்துச் சொல்வார்கள். 'தொட்டால் நகர்த்த வேண்டும்' என்ற விதியிலும் ஒரு திருத்தம் உண்டு: துளையிலிருந்து காயை எடுத்தால்தான் தொட்டதாகக் கணக்கு. 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டில் பார்வையற்ற ஆட்டக்காரர்களின் அமைப்பான சர்வதேச பிரெயில் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) செஸ் சங்கத்தின் அணியும் மற்ற நாடுகளின் அணிகளோடு ஆடியது. தெருவுக்கு ஒரு செஸ் பயிற்சி வகுப்பு இருக்கும் தமிழ்நாட்டில், ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிரெயில் பலகை வாங்கி வைக்கலாம். பெரிய செலவு கிடையாது.

நம் வீட்டு ஆட்டங்களில் பல ஏற்கெனவே தயாராகத்தான் இருக்கின்றன. பல்லாங்குழியில் பதினான்கு குழி. சோழியோ புளியங்கொட்டையோ விரலால் எண்ணிக்கொள்ளலாம். பித்தளைத் தாயக்கட்டையின் புள்ளிகள் குழிவாக இருப்பதால் தடவினாலே எண்ணிக்கை தெரிந்துவிடும். தாயக்கட்டத்தின் கோடுகளைச் சாக்பீஸில் போடாமல், தடித்த நூலை ஒட்டிப் போட்டால் வேலை முடிந்தது.

ஓரளவு தெரிபவர்கள்

பார்வையின்மை என்றதும் நாம் முழு இருட்டைத்தான் நினைக்கிறோம். உண்மையில் குறைபார்வை உள்ளவர்கள் ஏராளம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 3/60-க்கும் குறைவாக இருந்தால் பார்வையின்மை. அதாவது மற்றவர்கள் 60 மீட்டரிலிருந்து பார்ப்பதை இவர் 3 மீட்டர் தூரத்தில் நின்றாலும் பார்க்க முடியாது. அதற்கு மேலே 6/18 வரை குறைபார்வை. பார்வைப் புலம் சுருங்கிப்போனாலும் இந்தப் பிரிவுகளில் வரும்.

இவர்களுக்கு நேரும் துன்பம் வேறு வகையானது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் உள்ள ஒருவர் செல்போனில் செய்தி படிப்பார். எழுந்து நடக்கும்போது காலடியில் இருக்கும் ஸ்டூலில் இடித்துக்கொள்வார். குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும்தான் அவருக்குத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்தால் அதுவும் போய்விடும். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா பாதிக்கப்பட்ட பெரியவருக்கு நேர்மாறாக, எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது, ஆனால் நடமாட முடியும். "போன் பார்க்கத் தெரியுது, என்னைத் தெரியலையாம்" என்று சொந்தக்காரர்களே முணுமுணுப்பார்கள். நடிக்கிறார் என்று பேர் வாங்கிவிடுவோமோ என்ற பயத்திலேயே வெள்ளைக்கோலை எடுக்காமல், விழாக்களுக்கும் போகாமல் வீட்டோடு இருந்துவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

இவர்களுக்காகச் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை. கண்ணாடிக் கதவில் கண் மட்டத்தில் பளிச்சென்ற கோடு. பேசுபவருக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் வராமல் மேடை அமைப்பது. மாலை நிகழ்ச்சி என்றால் நடைபாதையில் விளக்கு. வெள்ளைத் தட்டில் வைத்த இட்லி காணாமல் போய்விடும். அதையே வாழை இலையில் வைத்தால் தெரியும்.

அழைப்பிதழிலேயே கதவு சாத்தப்படுகிறது

நிகழ்ச்சிக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, அழைப்பிதழை அழகாக வடிவமைத்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார்கள். பார்வையற்றவரின் போனில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் இருக்கும் எழுத்தை அது தமிழிலேயே வாய்விட்டுப் படிக்கும். படம் வந்தால் பெரும்பாலும் "புகைப்படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இருக்கின்றன, ஆனால் அலங்கார எழுத்தில் போட்ட தமிழை அவை தப்பும் தவறுமாகத்தான் படிக்கும். தேதி, நேரம், இடம், எந்த வாசல், யாரை அழைக்க வேண்டும் என்பதைப் படத்துக்குக் கீழே நான்கு வரி தட்டச்சு செய்துவிட்டால் போதும். குரல் பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது.

தமிழுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானுக்கோ அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். சங்கத்தின் அறிக்கை, போட்டி விதிமுறை, விண்ணப்பப் படிவம் எதுவானாலும் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் பொது எழுத்து முறையில், இருக்க வேண்டும். அச்சகத்தில் இருப்பவர்களிடம் ஒருமுறை சொல்லிவைத்தால் பழகிவிடுவார்கள்.

கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

சரி, அவர் வந்துவிட்டார். இப்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அன்பினால் நடப்பவை. ஓடிவந்து தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவது, கோலின் நுனியைப் பிடித்து இழுப்பது, "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று குரல் மாற்றிக் கேட்பது. கடைசியாகச் சொன்னது விளையாட்டாகத் தோன்றலாம். ஒரே விழாவில் இருபது பேர் அப்படிக் கேட்டால் அது பரீட்சையாகிவிடும். "அண்ணா, நான் செந்தில், மூணாவது வீடு" என்று பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்குங்கள். விலகிப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் போனது தெரியாமல் காற்றோடு பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு சங்கடம்!

வழிகாட்ட வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டுமென்றால் உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் உங்கள் உடலின் அசைவிலிருந்தே திருப்பமும் ஏற்ற இறக்கமும் அவருக்குத் தெரியும். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். குறுகலான இடத்தில் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அவர் தானாகவே உங்களுக்குப் பின்னால் வந்துவிடுவார். நாற்காலியில் பிடித்து அமுக்கி உட்காரவைக்க வேண்டாம். நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்தால் போதும். பெண்களுக்கு வழிகாட்டப் பெண் தொண்டர்கள் இருந்தால் வீட்டிலிருந்து அனுப்பத் தயங்குபவர்கள்கூட அனுப்புவார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குப் பாதுகாப்பைப் பற்றிய கவலை பெரிய காரணம்.

"இவருக்குக் காபி வேணுமா?" என்று கூட வந்தவரிடம் கேட்பது எங்கும் நடக்கிறது. அவரிடமே கேளுங்கள்.

அப்புறம் ஒலிபெருக்கி. நம் விழாக்களில் வாசலிலேயே ஆளுயர ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போடுவது வழக்கம். பார்வையற்றவருக்குக் காதுதான் திசை. கூட்டம் எந்தப் பக்கம், சுவர் எவ்வளவு தூரத்தில், யார் கூப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் அந்தச் சத்தம் மூழ்கடித்துவிடும். நம் கண்ணில் டார்ச் அடித்துவிட்டு நடக்கச் சொல்வதற்குச் சமம் அது. வாசலிலும் நடைபாதையிலும் ஸ்பீக்கர் வேண்டாம், போட்டி நடக்கும்போது பாட்டை நிறுத்திவையுங்கள்.

பந்தியில் உட்காரும்போது நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வாழை இலையில் எது எங்கே என்பதற்கு ஏற்கெனவே ஒரு ஒழுங்கு உண்டு. மேல் பாதியில் கூட்டு, பொரியல், ஊறுகாய். கீழ்ப் பாதியில் சோறு. பரிமாறுபவர் "இடது பக்கம் மேலே பொரியல் வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வைத்தால் அவர் யார் உதவியும் இல்லாமல் சாப்பிடுவார். தண்ணீர் டம்ளர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, பிறகு அதை நகர்த்தாமல் இருக்க வேண்டும். பஃபே முறை என்றால் கையில் தட்டோடு வரிசையில் நிற்பது சிரமம். அங்கே ஒருவர் கூட இருக்கட்டும்.

கலையும் கதையும்

பட்டிமன்றம், வில்லுப்பாட்டு, கச்சேரி, கவியரங்கம் எல்லாமே கேட்டு ரசிப்பவை. பொன்விளைந்த களத்தூர் அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் பார்வையில்லாமலே தமிழில் பெயர் பெற்ற புலவர்களாக இருந்தது கேள்வி ஞானத்தின் பலத்தில்தான். ஆனாலும் நூலக வாசகர் வட்டங்களில் பார்வையற்ற வாசகர்களை அரிதாகவே பார்க்கிறோம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் இந்திய மொழிப் புத்தகங்கள் கிடைக்கின்றன. உங்கள் வட்டத்தில் அடுத்த மாதம் பேசப்போகும் புத்தகத்தின் மின்கோப்பை முன்கூட்டியே அனுப்பினாலோ, இரண்டு பேர் மாறி மாறிப் படித்துக் குரல் பதிவு செய்து கொடுத்தாலோ அவரும் படித்துவிட்டு வந்து உங்களோடு சண்டை போடுவார்.

கண்ணால் மட்டுமே ரசிக்க முடியும் என்று நினைப்பவற்றுக்கும் வழி உண்டு. தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-ல் 'அனுபவ்' என்ற பகுதியைத் திறந்தார்கள். அங்கே சிற்பங்களின் பிரதிகளைத் தொட்டுப் பார்க்கலாம். நம் ஊர்ப் பள்ளிக் கண்காட்சியில் மண்பொம்மையைத் தொட அனுமதிப்பது அதைவிடச் சுலபம். திரைப்படத்தில் வசனம் இல்லாத இடைவெளியில் காட்சியை விவரிக்கும் குரலைச் சேர்ப்பதை ஒலி விவரணை என்கிறார்கள். திரையரங்குகளில் இந்த வசதி வர வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தெருக்கூத்துக்கோ பள்ளி நாடகத்துக்கோ அவ்வளவு தொழில்நுட்பம் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போ துச்சாதனன் மேடைக்கு வலது பக்கம் வந்து நிற்கிறான், கையில் கதாயுதம்" என்று மெல்லச் சொல்லத் தெரிந்த ஒருவர் போதும். பார்த்ததைச் சொன்னால் போதும், விளக்கவுரை வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 29-ம் பிரிவு பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும், 30-ம் பிரிவு விளையாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. மண்டபம் கேட்டோ மைதானம் கேட்டோ உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு எழுதும்போது இந்தப் பிரிவுகளைக் குறிப்பிடலாம்.

எங்கிருந்து தொடங்குவது

விழாக் குழுவின் முதல் கூட்டத்திலிருந்து. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கடைசி வாரத்தில் "அவங்களையும் கூப்பிடலாமே" என்று தொடங்கினால் பொன்னாடைதான் மிஞ்சும். பார்வையற்ற ஒருவர் திட்டமிடும் இடத்தில் இருந்தால், இந்தக் கட்டுரையில் நான் சொன்னதில் பாதியை அவரே சொல்லிவிடுவார், நான் யோசிக்காத பலவற்றையும் சொல்வார். அவரும் எல்லாப் பார்வையற்றவர்களுக்கும் பிரதிநிதி ஆகிவிட மாட்டார். பிறவியிலேயே பார்வையில்லாத இளைஞருக்கும், சர்க்கரை நோயால் ஐம்பது வயதில் பார்வை இழந்தவருக்கும் தேவைகள் வேறு வேறு. முன்னவர் பிரெயிலைச் சரளமாகப் படிக்கலாம். பின்னவருக்கு அது தெரியாமலே இருக்கலாம், வெளியே வரவே துணிச்சல் தேவைப்படலாம். முடிந்தால் இரண்டு வகையினரையும் கேளுங்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஆள் இல்லாத நேரத்தில் அந்த இடத்தை ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். வாசல், மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி. மறுநாள் அவற்றின் இடத்தை மாற்றாதீர்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து யார் அழைத்து வருவார்கள், திரும்பிப் போகும்போது பேருந்து எண்ணைப் பார்த்துச் சொல்ல யார் கூட நிற்பார்கள் என்பதை முதலிலேயே பேசி வையுங்கள். விழா முடிந்த களைப்பில் எல்லோரும் மறந்துபோகும் விஷயம் இது.

அவருக்கு ஒரு பொறுப்பும் கொடுங்கள். அறிவிப்பாளராக இருக்கலாம், நன்கொடைக் கணக்கைக் கணினியில் வைத்துக்கொள்ளலாம், கேள்வி பதில் போட்டியை நடத்தலாம், குழந்தைகளுக்குப் பிரெயிலில் அவரவர் பெயரைக் குத்திக் கொடுக்கும் மேசையில் உட்காரலாம். அதில் தவறு நடந்தால் மற்றவர்களிடம் சொல்வது போலவே அவரிடமும் சொல்லுங்கள், நன்றாகச் செய்தால் அடுத்த வருடமும் அவர் தலையிலேயே கட்டுங்கள்.